ஒன்பதுக்குப் பதினாலில் மாஸ்டர் சொன்னது

பிஸ்கெட் ஆலையின் பெண்கள் வாலிபால் அணி ஒரு ஆட்டத்தில் ஜெயித்துத் தொலைத்தது. வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

ஒன்பது வருடமாக அந்த அணி, ஆலைகளுக்கிடையிலான கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் மரியாதையாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. யாருக்கும் தொந்தரவில்லை. இந்த வருடம் போன தடவை கோப்பையைத் தூக்கிய பனியன் ஆலை அணியோடு மோதினார்கள். கடைசி செட். ஒன்பதுக்குப் பதினாலு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் டைம்-அவுட் கேட்டார். முப்பது செகண்ட். ஆறு பேரும் அவரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். திரும்பிப் போய் வரிசையாக ஏழு பாயிண்ட் எடுத்து, பதினாறுக்குப் பதினாலு என்று ஆட்டத்தை முடித்தார்கள்.

அடுத்த சுற்றில் மூன்று செட்டையும் நேராகத் தோற்றார்கள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை அல்லவா.

முதல் ஆட்டத்தை எடுத்திருந்தார்கள். ஆலை வேன் டிரைவர் கேலரி உச்சியில் உட்கார்ந்து போனில் எடுத்தது. சத்தம் என்று பார்த்தால் வெறும் இரைச்சல். அந்தத் தூரத்தில் உதட்டசைவு பிடிபடாவிட்டாலும் படம் துல்லியம். நடுவில் மாஸ்டர், வலது கையை இறுக மூடி, முஷ்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறார். சுற்றிலும் ஆறு பெண்கள் தலையாட்டுகிறார்கள். சாதாரண ஆட்டல் இல்லை. தானியம் கொத்தும் கோழிகள் தோற்றுப் போகும். புதிதாக வந்திருக்கும் எம்.டி. அந்த முப்பது செகண்டை மட்டும் பதினோரு தடவை பார்த்தாராம்.

“அப்போது அவர் என்ன சொன்னார்?” என்று எம்.டி. பர்சனல் ஆபீசரிடம் கேட்டார். பர்சனல் ஆபீசர் மூச்சிரைக்கப் பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்து கேப்டனிடம் கேட்டார்.

கேப்டன் மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள். வயது முப்பத்தேழு. இடது முழங்காலில் எலாஸ்டிக் பட்டை, தலையில் முடி விழாமல் வலைத்தொப்பி. வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை அடிக்கிறவளுக்குத் தோதாகத் தூக்கிக் கொடுப்பது ஆட்டத்தில் அவள் வேலை. இங்கேயும் அதேதான், பிஸ்கெட் வரும், தூக்கிக் கொடுக்க வேண்டும். பெல்ட் ஓடும் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்மா!”

“என்ன சார் வேணும்?”

“வாசகம்! மாஸ்டர் சொன்ன வாசகம்! ஆறடிக்கு நாலடி ஃப்ரேம் வந்து இறங்கியாச்சு. மாஸ்டர் முஷ்டியை மடக்கி நிக்கிற போட்டோவும் ரெடி. பக்கத்துல எழுதத்தான் ஒண்ணும் இல்ல!”

“அதை மாஸ்டர்கிட்டயே கேக்கலாமே சார்!”

“கேக்காம இருப்பேனா? ‘அது எனக்கும் என் அணிக்கும் நடுவுல உள்ள விஷயம்’னுட்டாரு. அதைப் போய் எம்.டி.கிட்ட சொன்னேன். மனுஷன் இன்னும் உருகிட்டாரு!”

பிறகு பர்சனல் ஆபீசர் அவள் காதருகே குனிந்தார். அவர் குனிந்தாலே விஷயம் கெட்டது என்று அர்த்தம்.

“உங்க நாலு மணி பர்மிஷன் இருக்குல்ல? அதை ரத்து பண்ற சர்க்குலர் டைப் ஆகி என் மேஜைமேல கிடக்கு. வேலை நேரத்துல என்ன பந்தாட்டம்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல கையெழுத்து. வாசகம் நல்லா அமைஞ்சா மனசு மாறுவாரோ என்னவோ. பாத்துக்க.”

கேப்டனுக்கு பெல்ட்டின் இரைச்சல் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. உண்மையில் நின்றுதான் போயிருந்தது. அவள் கவனிக்காமல் விட்டதில் பிஸ்கெட் குவிந்து மெஷின் அடைத்துக்கொண்டது.

நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பயிற்சி. சம்பளத்தோடு. ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டுதான் இருந்தது. மற்றதெல்லாம் மெஷினுக்கும், வீட்டுக்கும், படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும், ‘என் சட்டை எங்கே’ என்று பதினாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் புருஷனுக்கும் பங்கு போய்விட்டது. ஆறு மணிக்கு மேல் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள் என்றால், ஒன்பது பேர் அணியில் ஒருத்தியும் வரமாட்டாள். அவளே வரமாட்டாள். வர விடமாட்டார்கள்.

மதிய இடைவேளையில், உடை மாற்றும் அறையில், லாக்கர்களுக்கு நடுவே அணியைக் கூட்டினாள்.

“அன்னிக்கு மாஸ்டர் என்னடி சொன்னாரு?”

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். மாவு செக்‌ஷனிலிருந்து வந்து ஆடும் நெட்டை, கொட்டாவி விட்டாள்.

“எனக்கென்னக்கா தெரியும்? நான் உங்களைத்தானே கேட்டுட்டு இருந்தேன்.”

அதுதான் விஷயம். மாஸ்டருக்கு அணிக்குள் ‘பொன்மொழி’ என்று பெயர். ஒன்பது வருடமாக ஒவ்வொரு டைம்-அவுட்டின் முப்பது செகண்டையும் அவர் தத்துவத்தால் நிரப்பிவந்தார். வியர்வை பொய் சொல்லாது. பந்து கையில் இல்லை, மனதில் இருக்கிறது. தலைவன் என்பவன் முன்னால் நிற்பவன் அல்ல, பின்னால் நிற்பவனை முன்னால் நிற்க வைப்பவன். (“அப்ப பின்னாடி யாரு மாஸ்டர் நிக்கிறது?” என்று நெட்டை ஒரு தடவை கேட்டு, மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினாள்.) எதிரணியில் யாருக்குக் கை வலிக்கிறது, யார் எங்கே ஓட்டை விட்டிருக்கிறாள் என்ற அற்ப விஷயங்களுக்கு அந்த முப்பது செகண்டில் இடமிருந்ததில்லை.

ஆகவே அணி ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டது. வட்டமாக நிற்க வேண்டும். கண் மாஸ்டர் மூக்கின் மேல் இருக்க வேண்டும். இடது ஓரத்தில் நிற்பவள் தலையாட்ட ஆரம்பித்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மறைப்பில் கேப்டன் உதடு அசையாமல் திட்டத்தைச் சொல்லிவிடுவாள். இதை மட்டும் அவர்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தார்கள். சர்வ் போடுவதைவிட நன்றாக வந்தது.

பனியன் ஆலை ஆட்டத்திலும் அதேதான். கேப்டன் உதடு பிரிக்காமல் சொன்னாள்: “அவங்க பின் வரிசைல அஞ்சாம் நம்பரும் எட்டாம் நம்பரும் சண்டை. போன பந்துக்கு ஒருத்திய ஒருத்தி மொறைச்சாளுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல போடு. எவளும் எடுக்க மாட்டா.” எதிராளி சர்வ் வலையில் மாட்டியதில் ஒரு பாயிண்ட் கிடைத்தது. அப்புறம் ஆறு சர்வ், ஆறும் நடுவில். எவளும் எடுக்கவில்லை.

“சரி, மாஸ்டர் சொன்ன மாதிரி நாமளே ஒண்ணு செஞ்சிருவோம்,” என்றாள் ஸ்டோர் ரூமில் வேலை பார்ப்பவள். அவளை ஸ்டோர் என்றே கூப்பிடுவார்கள். கண்ணை மூடி யோசித்து, “தோல்வி என்பது வெற்றி உறங்கும் கட்டில்,” என்றாள்.



“அப்ப வெற்றி எப்பதான்டி எந்திரிக்கும்?” என்றாள் நெட்டை.

“ஒன்பது வருஷமாத் தூங்குதே, பாயைச் சுருட்டி வெளிய போடச் சொல்லு,” என்றது இன்னொரு குரல்.

“சிரிக்காதீங்கடி. அதையே வெச்சுக்குவோம்,” என்றாள் கேப்டன். “ஆனா மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். நாம ஒண்ணு சொல்ல, அவர் ஒண்ணு சொன்னா அசிங்கமாயிரும்.”

விளையாட்டு அறை என்பது பழைய காலி டின்கள் அடுக்கிய ஒரு கொட்டகை. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தொடும் வயது, கழுத்தில் விசில், சாயம் போன டிராக் சூட். கேப்டன் விஷயத்தைச் சொன்னாள். அவர் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

“நான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லலம்மா,” என்றார்.

“அடக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம்.”

“அடக்கம் இல்லம்மா. நெசமாவே சொல்லல. வாயைத் திறக்க முடியல.” அவர் குரல் தாழ்ந்தது. “அதுக்கு முந்தின பாயிண்ட்ல ரெஃப்ரியைப் பாத்து ‘அவுட்’னு கத்தினேன்ல? அந்த ‘அவு’லயே மேல் பல்செட்டு கழண்டு வந்துருச்சு. கீழ விழாம கையில பிடிச்சேன்.”

கேப்டனுக்கு வீடியோ ஞாபகம் வந்தது. நெஞ்சுக்கு நேரே, இறுக மூடிய வலது கை.

“அப்ப அந்த முஷ்டி…”

“பல்லு.”

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வரப் பார்த்தது. ஆனால் மாஸ்டர் முகத்தில் சிரிப்பதற்கான அனுமதி இல்லை.

“அதை விடு. எனக்குத் தெரிய வேண்டியது வேற. வாயே திறக்காத ஒருத்தன் முன்னாடி ஆறு பேரும் எதுக்கு அப்படித் தலையாட்டினீங்க?”

செவிடன் காதில் சங்கு ஊதியவர்கள் உண்டு. ஊதாத சங்குக்குத் தலையாட்டியவர்கள் இவர்கள் மட்டும்தான். கேப்டன் தரையில் கிடந்த ஒரு பந்தை எடுத்து, அதன் தையலை ஆராய்ந்தாள்.

“பழக்கம் மாஸ்டர்.”

“எத்தனை வருஷப் பழக்கம்?”

“முதல் வருஷம் கேட்டோம் மாஸ்டர்.”

“முழு வருஷமுமா?”

“மழை தொடங்குற வரைக்கும்.”

மாஸ்டர் பம்பை இன்னும் நாலு தடவை அழுத்தினார். பந்து கல் மாதிரி ஆகிவிட்டது.

“வெடிச்சிரும் மாஸ்டர்.”

“வெடிக்கட்டும்.” அப்புறம் கேட்டார், “நீங்களா என்ன பேசிக்கிட்டீங்க?”

சொன்னாள். ஐந்தும் எட்டும், நடுவில் இருந்த இடைவெளியும். அவர் கேட்டு முடித்து, “அதை நானும் கவனிச்சேன். பல்லு மட்டும் இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்,” என்றார்.

“பல்லு இருந்திருந்தா நீங்க வியர்வையப் பத்திச் சொல்லியிருப்பீங்க மாஸ்டர்.”

மாஸ்டர் பந்திலிருந்து பம்பைக் கழற்றினார். எழுந்து, பந்தை வலைப்பையில் போட்டு, சுருக்கை இறுக்கினார்.

“குணம், குணம்னு ஒன்பது வருஷமா உங்களுக்குச் சொல்லியிருக்கேன். நீங்க கேக்கல. பரவாயில்ல, நான் கேட்டிருக்கேன்ல? வெள்ளிக்கிழமை மீட்டிங்ல உண்மையைச் சொல்லிடப் போறேன். நான் ஒண்ணும் சொல்லல, கையில இருந்தது பல்லுன்னு.”

கேப்டன் கையிலிருந்த பந்தைக் கீழே போட்டாள். இந்த மனிதர் ஒன்பது வருடமாகப் பேசியதில் ஒன்றைக்கூடச் செய்து பார்த்ததில்லை. செய்வதற்கு இந்த வெள்ளிக்கிழமையா கிடைத்தது?

“உங்க குணம் எங்க நாலு மணியை முழுங்கிரும் மாஸ்டர். எம்.டி.க்கு அந்த முஷ்டிதான் பிடிச்சிருக்கு, நாங்க இல்ல. முஷ்டிக்குள்ள பல்லுன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் சர்க்குலர்ல கையெழுத்துப் போடுவாரு.”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?”

“சும்மா இருங்கன்னு சொல்றேன். அன்னிக்கு இருந்தீங்கல்ல, அந்த மாதிரி.”

மாஸ்டர் வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் ஹாலில் ஏசி போட்டு எல்லோரையும் பிஸ்கெட் மாதிரி மொறுமொறுவென்று வைத்திருந்தார்கள். நீள மேஜையின் தலைமாட்டில் எம்.டி. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்த ஃப்ரேம். அதில் ஆளுயர மாஸ்டர், முஷ்டியோடு. பக்கத்தில் வெற்றிடம். கேப்டனும் மாஸ்டரும் எதிர் முனையில் அருகருகே. பர்சனல் ஆபீசர் முன்னால் ஒரு பச்சைக் கோப்பு. அதற்குள்ளிருந்து வெள்ளைக் காகிதத்தின் ஒரு ஓரம் எட்டிப் பார்த்தது. கேப்டன் அந்த ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்.டி. தலைமைப் பண்பு பற்றி இருபது நிமிடம் பேசினார். பேச்சில் கப்பல் வந்தது, கப்பலின் கேப்டன் வந்தார், புயல் வந்தது. ஒரு தடவை கழுகும் வந்துவிட்டுப் போனது. எல்லா மேனேஜர்களும் தலையாட்டினார்கள். கேப்டன் தொழில்முறைக் கண்ணோடு பார்த்தாள். இடது ஓரத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுமாரான ஆட்டல்தான். இரண்டு பேர் தாளம் தப்பினார்கள்.

“பாருங்க, அந்த முஷ்டியைப் பாருங்க!” என்றார் எம்.டி. “உள்ள என்ன ஒரு உறுதி! சொல்லுங்க மாஸ்டர். அன்னைக்கு என்ன சொன்னீங்க?”

மாஸ்டர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் குணம் இருந்தது. கேப்டனுக்குக் கட்டிலும் மறந்தது, உறங்கும் வெற்றியும் மறந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லியாக வேண்டும். கண்ணில் பட்டது அந்த வெள்ளைக் காகித ஓரம்தான்.

“நான் சொல்றேன் சார்!” என்று எழுந்துவிட்டாள். “‘நாலு மணிக்கு வேலையை நிறுத்துறவங்களை யாராலயும் தோக்கடிக்க முடியாது.’ இதான் சார் சொன்னாரு.”

 பர்சனல் ஆபீசர் பச்சைக் கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டார், அது எழுந்து ஓடிவிடும் என்பது போல. எம்.டி. நெற்றி சுருங்கியது.

“நாலு மணிக்கா? அப்படியா சொன்னீங்க மாஸ்டர்?”

கேப்டன் மாஸ்டரைப் பார்க்கவில்லை. பார்க்க தைரியமில்லை. அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. ஒன்பது வருடக் குணம், ஒரு முறை கூட பயன்படுத்தப்படாமல் புத்தம் புதிதாக அவருக்குள் இருந்தது; அதை எடுத்து இப்போது மேஜைமேல் வைக்க வேண்டியதுதான். ஃப்ரேமும் போகும், சர்க்குலரும் வரும். அவர் பங்குக்கு அவர் நல்லவராகிவிடலாம்.

“ஆமா. அதான் சொன்னேன்,” என்றார் மாஸ்டர்.

மூன்றே சொல். நாலு பேர் முன்னால் அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு. கேப்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. ஆனால் எம்.டி. விடவில்லை.

“ஆழமா இருக்கு. ஆனா கொஞ்சம் விளக்கினா…”

விளக்கச் சொன்னால் மாஸ்டர் சும்மா இருப்பாரா? யானையைக் கரும்புக் காட்டில் அவிழ்த்துவிட்ட மாதிரிதான். மார்பு விரிந்தது. கை மேலே போனது.

“நாலு மணிங்கிறது என்ன? வெறும் நேரமா? இல்ல! உழைப்புன்னா எப்ப தொடங்கணும்னு எல்லாருக்கும் தெரியும். எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் தலைவன்! களைச்ச கை பந்தைத் தொடும், பந்து கையைத் தொடாது! நாலு மணிங்கிறது கடிகாரத்துல இல்ல சார், அது மனசுல…”

கேப்டன் மேஜைக்கு அடியில் அவர் கால்மேல் ஓங்கி மிதித்தாள். வலைக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் குதித்து இறங்கிய கால்.

“…மனசுல இருக்கு!” என்றார் மாஸ்டர், ஒரு நொடி கண்ணை மூடி. “ஆனா மனசுல மட்டும் இருந்தா பத்தாது. கடிகாரத்துலயும் இருக்கணும். கண்டிப்பா கடிகாரத்துல இருக்கணும். சரியா நாலு.”

அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தலையாட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“அருமை,” என்றார் எம்.டி. “எழுதுங்க. பெரிய எழுத்துல. பேக்கிங் செக்‌ஷன் வாசல்லயே மாட்டணும்.”

பர்சனல் ஆபீசர் எழுதினார். எழுதி முடித்து, பச்சைக் கோப்பைத் திறந்து, சர்க்குலரை ஒரு தடவை பார்த்தார், ஃப்ரேமை ஒரு தடவை பார்த்தார். நாலு மணிக்கு நிறுத்துகிறவர்களை வெல்ல முடியாது என்று ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நாலு மணிக்கு யாரும் நிறுத்தக் கூடாது என்று ஒட்டினால், பார்க்கிறவன் சிரிப்பான், சிரித்தால் எம்.டி. யாரைக் கேட்பார் என்று அவருக்குத் தெரியும். கோப்பை மூடி, நாற்காலிக்கு அடியில் வைத்து, அதன்மேல் தன் காலையும் வைத்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மாஸ்டர் நொண்டிக்கொண்டு வந்தார்.

“என் வாயில வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பீங்க மாஸ்டர்.”

“குணம்னு பாத்தா நான் இன்னிக்குத் தோத்துட்டேன்மா.”

“எங்ககூட ஒன்பது வருஷம் இருந்தீங்களே, தோக்குறது புதுசா?” என்றாள் அவள். அப்புறம், அது கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றி, அவர் தோளிலிருந்த வலைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஃப்ரேம் வாசலில் ஏறியது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பது பேர் வேலையை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை, அடுப்புப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு அம்மா சூப்பர்வைசரை நிறுத்தி, சுவரைக் காட்டிக் கேட்டாள்: “இதுல வாலிபால் ஆடுறவங்கன்னு எங்க தம்பி எழுதியிருக்கு? நிறுத்துறவங்கன்னுதானே இருக்கு?” சூப்பர்வைசர் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் படித்துப் பார்த்தார். எம்.டி. கையெழுத்து ஓரத்தில் தெளிவாக இருந்தது. அவர் பர்சனல் ஆபீசரிடம் ஓடினார். பர்சனல் ஆபீசர், “வாலிபால் அணியில பேர் குடுத்தவங்க மட்டும்” என்று சாமர்த்தியமாகச் சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை அணியில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

மைதானத்தில் அத்தனை பேரும் வட்டமாக நின்றபோது வட்டம் சைக்கிள் ஸ்டாண்டு வரை போனது. பாதிப் பேர் செருப்போடு. அடுப்புப் பக்கத்து அம்மா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. இருந்தது நாலு பந்து. கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்தாள்: இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஆட முடியாது. ஆனால் இத்தனை பேர் கையிலிருந்து அந்த நாலு மணியைப் பிடுங்க எந்த எம்.டி.க்கும் இனி வலு போதாது.

மாஸ்டர் நடுவில் வந்து நின்றார். விசிலை ஊதினார். நாற்பத்து மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார். பழைய ஆறு பேரும் கழுத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டார்கள்.

“இதுல யாருக்கு சர்வ் போடத் தெரியும்?” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் அணியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. கழுத்துகள் குழம்பின. கொஞ்ச நேரம் கழித்து மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று பாத்ரூம் போக அனுமதி கேட்ட கை.